தியானப் பள்ளியும் தானமும்

நகரத்தில் வாழ்கின்றவர்களுக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் கடைவீதியில் கிடைக்கின்றன. கிடைக்காத பொருள் ஒன்று உண்டு; அது அமைதி. கிண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புறம் புள்ளிமானும் வெளிமானும் மேய்கின்ற காடு இருக்கிறது. ஏறத்தாழ 270 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காடு 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. மறுபுறம் கத்திப்பாராச் சந்திப்பில் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஊர்திகள் இரைந்துகொண்டே செல்கின்றன. மின்சார ரயிலின் ஓசை ஒரு பக்கம். மெட்ரோ ரயிலின் ஓசை மற்றொரு பக்கம். காட்டுக்கும் இந்த இரைச்சலுக்கும் நடுவே ஒரு மதிற்சுவர் மட்டுமே உள்ளது.

இவ்வூரில் வேலை பார்க்கும் ஒருவர், ஓர் அலுவலகக் கணக்கர் என்றே வைத்துக்கொள்வோம், பத்து நாள்கள் எவரோடும் பேசாமல், செய்தித்தாள் படிக்காமல், தம் மனத்தின் போக்கைத் தாமே உற்றுநோக்கி இருக்க விரும்புகிறார். வீட்டில் அஃது இயலாது. பூங்காவில் ஒரு மணி நேரம் அமரலாம். இரவில் தங்க முடியாது. விடுதியில் அறை எடுத்தால் வாடகை கொடுத்து மாளாது. வழிகாட்டுவாரும் அங்கே இல்லை. அவருக்கு வேண்டியது, தங்கியிருந்து பயில்வதற்கென்றே அமைந்த ஒரு தியானப் பள்ளி. அத்தகைய பள்ளியை எழுப்புவது எவ்வாறு? எழுப்பிய பின் அதை நடத்துவதற்குப் பணம் எங்கிருந்து வருவது? பௌத்த சமயம் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடி வந்திருக்கிறது. அவ்விடைகளுள் சிலவற்றையும், நம் சென்னையை அடுத்து இயங்கிவரும் ஒரு நிலையத்தையும் இன்று காண்போம்.

பள்ளி என்று நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. அச்சொல் பண்டு சமண பௌத்தத் துறவிகள் உறையும் இடத்தையே குறித்தது. அத்துறவிகள் தம் உறைவிடத்தில் சிறுவர்க்கு எழுத்தறிவித்தமையால், பிற்காலத்தில் அது கல்விச் சாலைக்குப் பெயராயிற்று என்று அறிஞர் கூறுவர். ஆகவே தியானம் பயிலும் இடத்தைப் பள்ளி என்று அழைப்பது, சொல்லை அதன் பிறந்த வீட்டுக்கே திரும்ப அழைத்துச் செல்வதாகும்.

பள்ளிக்கு நிலம் தேடிய முதல் வரலாறுகளுள் ஒன்று ஜேதவனத்தின் வரலாறு. சிராவஸ்தி நகரத்து வணிகர் அனாதபிண்டிகர், புத்தரும் அவர்தம் மாணாக்கரும் மழைக்காலத்தில் தங்குவதற்கு ஓர் இடம் தேடினார். அவர் மனத்தில் கொண்ட இலக்கணங்களைப் பாலி விநய நூல் கூறுகின்றது. ஊருக்கு மிக அண்மையிலும் இருத்தல் ஆகாது; மிகத் தொலைவிலும் இருத்தல் ஆகாது. வருவார்க்கும் போவார்க்கும் வழி எளிதாக வேண்டும். பகலில் கூட்டம் நெருங்கலாகாது. இரவில் ஓசை மிகுதல் ஆகாது. இன்று நிலம் தேடுகின்ற எந்த அறக்கட்டளையும் இந்த இலக்கணத்தின் மேல் புதிதாகச் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. ஜேதன் என்னும் அரசிளங்குமரனுக்கு உரிய சோலை இவ்விலக்கணங்களுக்குப் பொருந்தியது. நிலம் முழுவதையும் பொன்னால் பரப்பினாலும் தருவதற்கில்லை என்றான் அவன். வணிகரோ அதையே விலையாகக் கொண்டு, வண்டி வண்டியாகப் பொன்னைக் கொணர்ந்து பரப்பத் தொடங்கினார். வாயிலருகே சிறிது இடம் எஞ்சி நின்றபோது, அரசிளங்குமரனே, “இந்த இடம் என் தானமாக இருக்கட்டும்” என்று வேண்டி நின்றான் என்பது கதை. விற்கவந்தவனையும் கொடைஞனாக மாற்றியதே இக்கதையின் சுவை. நிலத்தின் விலையைப் பார்த்து மலைப்பது சென்னையில் மட்டும் காணும் காட்சி அன்று என்பதும் இதனால் விளங்கும்.

அடுத்து, நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். பெரும்பொருள் கொண்டு எழுப்பிய பௌத்தப் பள்ளிக்கு நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சைலேந்திர மரபினனாகிய சூளாமணிவர்மன், முதலாம் இராசராச சோழன் காலத்தில் அதனைத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். கடல் கடந்த அரசன் கட்டடத்திற்குப் பொருள் தந்தான். சைவனாகிய சோழ மன்னன் அதனை நடத்துவதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைத் தந்தான். ஏறத்தாழ 8,900 கலம் நெல் ஆண்டுதோறும் அவ்விகாரத்துக்குச் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. இச்செய்திகளைக் கூறும் 21 செப்பேடுகள் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்று வழங்கலாயின.

இவ்வேற்பாட்டில் நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கட்டுவதற்கான பொருள் வேறு. நடத்துவதற்கான பொருள் வேறு. கட்டடம் ஒருமுறை எழுந்துவிடும். சோறும் எண்ணெயும் கூரைப் பழுதும் நாள்தோறும் வந்துகொண்டே இருக்கும். ஆகையால் பண்டைய மன்னர் கட்டடத்தோடு ஊரையும் சேர்த்தே கொடுத்தனர். நாலந்தாப் பெரும்பள்ளியின் செலவுக்கு நூறு ஊர்களின் வருவாய் ஒதுக்கப்பட்டிருந்தது என்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு கூறுவதும் இதனையே காட்டுகின்றது.

ஆனால் அரசர் தந்த ஊர், அரசு உள்ளவரையில்தான் பயன் தரும். சோழர் ஆட்சி சாய்ந்தது. கடல் வாணிகம் வேறு திசைகளில் சென்றது. பௌத்தரின் தொகையும் குறைந்தது. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பௌத்தக் கட்டடம் ஒன்று சீனக் கோபுரம் என்றும் புதுவெளிக் கோபுரம் என்றும் பெயர் பெற்றிருந்தது. பாழடைந்து கிடந்த அதனை 1867-ஆம் ஆண்டில் இடித்துவிட்டார்கள். 1856-ஆம் ஆண்டு தொடங்கி அவ்வூரில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட முந்நூற்றுக்கும் மேற்பட்ட புத்தர் படிமங்களுள் பலவற்றை நாம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். படிமங்கள் இருக்கின்றன, அவற்றின் முன் அமர்ந்தவர்கள் இல்லை. அரசன் கொடை பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் அரசனையே வேராகக் கொண்ட மரம், அவ்வேர் அற்றபோது நிற்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பௌத்தம் மீண்டும் தலையெடுத்தபோது, அதற்கு அரசர் எவரும் துணை இல்லை. 1898-ஆம் ஆண்டில் பண்டிதர் அயோத்திதாசர் இலங்கைக்குச் சென்று வந்து, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய கிழமை இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர். விலையே பெயராக அமைந்த இதழ் அது. ஏழை மக்கள் தரக்கூடிய சிறு காசுகளைக் கொண்டே இயக்கத்தை நடத்தவேண்டும் என்னும் நிலையை அப்பெயரே எடுத்துரைக்கின்றது அன்றோ? கோலார் தங்கவயலிலும், கடல் கடந்து இரங்கூனிலும் அச்சங்கத்தின் கிளைகள் தோன்றின. உழைத்து வாழ்ந்த தமிழர் தம் கூலியில் மிச்சம் பிடித்துச் சங்கம் நடத்தினர். தங்கிப் பயிலும் தியானப் பள்ளியை எழுப்பும் வசதி அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆயினும் பெருஞ்செல்வர் கையை எதிர்பாராமல், நம்பிக்கை கொண்டவர்கள் தாமே சிறுகச் சேர்த்து நடத்தலாம் என்னும் வழியை அவர்கள் காட்டிச் சென்றனர்.

தங்கிப் பயிலும் பள்ளியை இல்லறத்தார்க்கென்று வகுத்த முயற்சி பர்மாவில் வளர்ந்தது. அதற்கு முன்னர், தியானம் என்பது பெரும்பாலும் துறவியரின் தொழிலாகவே கருதப்பட்டது. துறவிக்கு வேண்டுவன மிகச் சில: ஓர் அறை, ஒரு பாய், நாளொன்றுக்கு ஒருவேளை பிச்சைச் சோறு. ஊரார் முறைவைத்து அதனை அளித்துவந்தனர். இல்லறத்தான் வந்து தங்கும்போது நிலைமை மாறுகின்றது. அவன் பத்து நாளுக்குப் பிறகு அலுவலகத்துக்குத் திரும்பவேண்டியவன். அவனுக்குக் கட்டிலும் குளியலறையும் வேளைக்கு உணவும் வேண்டும். ஆண்களும் பெண்களும் வருவதால் தனித்தனி விடுதிகள் வேண்டும். ஆகவே கட்டடமும் பெரிதாகின்றது, செலவும் பெரிதாகின்றது.

இவ்வழியில் பெரும்பணி ஆற்றிய ஊ பா கின் அவர்கள் தொழிலால் ஒரு கணக்கர் என்பது சுவையான செய்தி. 1899-ஆம் ஆண்டில் பிறந்த அவர், பர்மா விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டில் அந்நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார். பகலில் அரசின் வரவு செலவைச் சரிபார்த்த அவர், தம் அலுவலகத்தாருக்கே தியானம் கற்பித்தார். 1952-ஆம் ஆண்டில் இரங்கூனில் சர்வதேசத் தியான நிலையத்தை நிறுவினார். நடுவே ஒரு சிறு பகோடாவும், அதனைச் சுற்றித் தனியே அமர்ந்து பயில எட்டு அறைகளும் கொண்டது அது. பெரிய ஆலயம் ஒன்றும் அன்று. பயிற்சிக்குத் தேவையான அளவே கட்டடம் என்னும் கொள்கை அதில் விளங்கியது.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் சத்ய நாராயண கோயங்கா. 1924-ஆம் ஆண்டில் மாண்டலே நகரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மருந்து தேடி அலைந்து, 1955-ஆம் ஆண்டில் ஊ பா கின்னிடம் வந்து சேர்ந்தார். 1969-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, அவ்வாண்டு ஜூலைத் திங்களில் பம்பாயில் ஒரு தர்மசாலையில் முதற் பயிற்சியை நடத்தினார். அதில் பங்குகொண்டவர்கள் 14 பேர். அவர்களுள் அவருடைய பெற்றோரும் இருந்தனர். அதே ஆண்டிலேயே சென்னையிலும் ஒரு பயிற்சி நடைபெற்றது. உள்ளதை உள்ளபடி காண்பது என்னும் பொருள்படும் விபஸ்ஸனா என்பதே அப்பயிற்சியின் பெயர். புத்தர் கண்ட முறை அது. எனினும் எச்சமயத்தார்க்கும் உரியது என்று கூறி எல்லோருக்கும் கற்பித்தார்.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டில் கோயங்காவிடம் நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. பயிற்சிகள் தர்மசாலைகளிலும் பள்ளிக்கூடங்களிலும், எங்கே இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் நடந்தன. பாத்திரங்களும் பாய்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவின் ஒலிபெருக்கியை நிறுத்துவதற்கும் வழி இல்லை. இவ்வாறு பல முகாம்கள் நடந்த பின்னரே, 1973-ஆம் ஆண்டில், பம்பாய்க்கும் நாசிக்குக்கும் இடைப்பட்ட இகத்புரி மலைப்பகுதியில் நிலம் வாங்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டில் ‘தம்ம கிரி’ என்னும் அந்த நிலையத்தில் பயிற்சிகள் ஒழுங்காக நடைபெறத் தொடங்கின. மாணவர் முதலில் வந்தனர். மனை பின்னர் வந்தது. நாகப்பட்டினத்தில் முதலில் எழுந்தது மாளிகை. இகத்புரியில் முதலில் சேர்ந்தவர்கள் மக்கள். இவ்வேறுபாடே பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் வித்தாயிற்று. இன்று இம்மரபைச் சேர்ந்த நிலையங்கள் உலகெங்கும் இருநூறுக்கும் மேல் உள்ளன. கோயங்கா 2013-ஆம் ஆண்டில் மறைந்த பின்னும் அவை குன்றாமல் இயங்குகின்றன.

அவற்றுள் ஒன்று சென்னையை அடுத்துள்ள ‘தம்ம சேது’. கிண்டியிலிருந்து பெருஞ்சாலை வழியே பல்லாவரம் சென்று, மேற்கே திரும்பித் திருநீர்மலைச் சாலையில் போனால், திருமுடிவாக்கத்தில் பழந்தண்டலம் செல்லும் சாலையில் அந்நிலையம் இருக்கின்றது. சேது என்பதற்குப் பாலம் என்பது பொருள். அனாதபிண்டிகரின் இலக்கணத்தை இதற்குப் பொருத்திப் பார்ப்போம். ஊருக்கு மிகத் தொலைவில் இல்லை. நகரப் பேருந்து ஏறிச் செல்லக்கூடிய தூரமே. மிக அண்மையிலும் இல்லை. ஆனால் சென்னை நகரம் நின்ற இடத்தில் நிற்பதில்லையே! திருமுடிவாக்கத்தில் சிறு தொழிற்பேட்டை வளர்ந்துவிட்டது. புறவட்டச் சாலை அவ்வட்டாரத்தை ஊடறுத்துச் செல்கின்றது. விமான நிலையமும் தொலைவில் இல்லை. இன்று ஊருக்கு வெளியே என்று எண்ணி நிலம் வாங்குவோர், முப்பது ஆண்டுகளில் ஊர் தம்மைச் சூழ்ந்துகொள்ளும் என்பதையும் எண்ணியே வாங்க வேண்டும். அமைதிக்கு மதிற்சுவரும் மரங்களும் துணைசெய்யும், முழுவதும் காக்கமாட்டா.

இத்தகைய நிலையத்தில் என்னென்ன வேண்டும் என்பதைப் பயிற்சியின் முறையே வகுத்துவிடுகிறது. விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும், இரவு 9.30 மணிக்கு விளக்கு அணையும். இடையே ஏறத்தாழப் பத்து மணி நேரம் தியானம். பேச்சு இல்லை, எழுத்து இல்லை, தொலைபேசி இல்லை. ஆண்களும் பெண்களும் முற்றிலும் பிரிந்து வாழ்வர். ஆகையால் விடுதி இரண்டு, உணவுக்கூடம் இரண்டு, நடைபாதை இரண்டு. தியான மண்டபம் மட்டும் பொது. அம்மண்டபத்தில் தூண்கள் பார்வையை மறைத்தல் ஆகாது; காற்று வரவேண்டும்; கொசு வரலாகாது. பலர் கூடியிருந்தும் ஒருவர் இருமல் மற்றவர்க்கு இடையூறு ஆகாதபடி இடைவெளி வேண்டும். முன்னரே பயின்றவர்கள் தனித்து அமர்வதற்குச் சிறு சிறு அறைகள் வட்டமாகச் சூழ்ந்த பகோடாவை வசதி வந்தபோது எழுப்புவர். இவற்றுள் எதிலும் ஆடம்பரத்துக்கு இடமில்லை. ஆனால் கதவின் கீல் கிறீச்சிட்டால் நூறு பேருடைய மனம் கலையும். ஆதலின் சிறு வேலையும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

செலவையும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பயிற்சிக்கு 100 பேர் வருவதாகக் கொள்வோம். அவர்கள் பத்து முழு நாள்கள் தங்குகின்றனர். வரும் மாலையையும் போகும் காலையையும் சேர்த்தால் பதினோர் இரவுகள். காலைச் சிற்றுண்டி, முற்பகலில் உணவு, மாலையில் புதியவர்களுக்குத் தேநீரும் பழமும். இவற்றுக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு பயிற்சிக்கு 3 இலட்சம் ரூபாய் ஆகின்றது. மாதம் இரண்டு பயிற்சி நடத்தினால் 6 இலட்சம். தண்ணீரைப் பாருங்கள். ஒருவருக்கு நாளுக்கு 100 லிட்டர் என்றாலும் 10,000 லிட்டர்; அஃதாவது கிணறு வற்றிய கோடையில் நாள்தோறும் ஒரு லாரித் தண்ணீர். சென்னைப் புறநகரில் தியானப் பள்ளி நடத்துவார், மனத்தின் ஆழத்தை அளப்பதற்கு முன் கிணற்றின் ஆழத்தை அளந்தாக வேண்டும்.

இத்தனை செலவுக்கும் பயிற்சி பெறுபவரிடம் கட்டணம் ஒரு காசும் பெறுவதில்லை. ஆசிரியர்க்கு ஊதியம் இல்லை. சமைப்போரும் பரிமாறுவோரும் பெரும்பாலும் முன்னர்ப் பயின்று, இப்போது தொண்டு செய்ய வந்தவர்களே. அப்படியாயின் பணம் தருவார் யார்? இங்குத்தான் அம்மரபின் தலையாய விதி வருகின்றது. பத்து நாள் பயிற்சி ஒன்றையேனும் முழுமையாக முடித்தவரிடம் மட்டுமே நன்கொடை பெறுவார்கள். பயிற்சி பெறாத ஒருவர், எத்துணைப் பெரிய செல்வராயினும், பயிற்சிக்கென ஒரு தொகையை நீட்டினால் அதனை ஏற்பதில்லை. பயின்றவரும் எவ்வளவு தரவேண்டும் என்னும் வரையறை இல்லை, தராமலும் போகலாம்.

பணம் வேண்டும் என்று தவிக்கின்ற நிலையம், வருகின்ற பணத்தை வேண்டாம் என்று சொல்வது முதற்பார்வைக்குப் பேதைமை போலத் தோன்றும். ஆனால் மணிமேகலைக் காப்பியம் படித்த தமிழர்க்கு இது புதிது அன்று. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி மணிமேகலையின் கையில் கிடைத்தது. எனினும் அது முதற்பிச்சையை எவரிடமும் ஏற்கவில்லை. தக்காள் ஒருத்தியிடமே ஏற்கவேண்டும் என்பதனால் ஆதிரையின் இல்லத்தை நாடிச் சென்றது. பாத்திரம் நிறைவது பொருளின் அளவால் மட்டும் அன்று. இடுகின்றவரின் தன்மையும் அதற்கு வேண்டும் என்பது அங்கே உட்கருத்து.

இவ்விதியால் விளையும் உலகியற் பயன்களும் உண்டு. முதலாவது, கட்டணம் செலுத்தியவன் வாடிக்கைக்காரன் ஆகிவிடுகிறான். அறை சரியில்லை, சாம்பாரில் உப்பில்லை என்று கேட்கும் உரிமை அவனுக்கு வந்துவிடுகிறது. இங்கோ, முன்பின் அறியாத ஒருவர் தந்த சோற்றை உண்கிறான். அச்சோறு அவனைத் துறவியின் நிலையில் பத்து நாள் நிறுத்துகின்றது. இரண்டாவது, பெருந்தொகை தந்தவர் பெயருக்கு மண்டபமும், அவருடைய விருப்பத்துக்கு விதிவிலக்கும் கேட்பார். நம் கோயில்களில் குழல்விளக்கின் மேல் ‘உபயம்’ என்று பெயர் எழுதி, விளக்கின் ஒளியில் பாதியை அப்பெயரே மறைத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறோம். பயின்றவர் மட்டுமே தருகின்ற இடத்தில் அந்நிலை எளிதில் வாராது. மூன்றாவதே மிக இன்றியமையாதது. பயிற்சியால் பயன் விளைந்தால்தான் நன்கொடை வரும். பயன் இல்லையேல் வராது; நிலையம் தானே மூடிப்போகும். வெளியார் பணத்தால் உள்ளீடற்றுப் போன நிறுவனம் ஒன்று பல்லாண்டுகள் நின்றுகொண்டிருக்கும் நிலை இங்கே நேராது.

இதற்கு மாறாகச் சொல்லத்தக்கனவும் உண்டு. அவற்றையும் நேர்மையாக எண்ணிப் பார்க்கவேண்டும். இம்முறையில் கட்டடம் மெல்ல மெல்லத்தான் எழும். ஓர் ஆண்டு விடுதி, மற்றோர் ஆண்டு சமையற்கூடம் என்று பொறுத்திருக்க வேண்டும்; இடம் போதாமல் பலர் காத்திருக்க நேரும். மேலும், கட்டணம் இல்லை என்பதனால் மட்டும் ஏழைக்கு வாயில் திறந்துவிடுவதில்லை. கிண்டித் தொழிற்பேட்டையில் நாட்கூலிக்கு உழைப்பவர் பத்து நாள் வாராதிருந்தால், அவர் இழப்பது பத்து நாளின் கூலி. வீட்டில் அடுப்பு எரியவேண்டும். குழந்தைகளை ஒப்படைக்க ஆள் இல்லாத தாயும் அவ்வாறே. இலவசம் என்னும் சொல் சோற்றின் விலையைத்தான் நீக்குகின்றது. காலத்தின் விலையை நீக்குவதில்லை. இக்குறைக்கு எந்த நிலையமும் முழு விடை கண்டதாகத் தெரியவில்லை. தொழில் நடத்துவோர் தம் ஊழியர்க்கு ஊதியத்தோடு விடுமுறை தந்து உதவினால் ஒருவாறு தீரும்.

வேறொரு வழியில் நடப்பதும் நம் நாட்டிலேயே உண்டு. கொடைக்கானல் மலைச்சாரலில் பெருமாள்மலையில் ‘போதி ஜெண்டோ’ என்னும் ஜென் தியான இல்லம் 1996-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அதனை நிறுவிய ஆமா சாமி அவர்கள், கிறித்தவ சேசு சபைத் துறவி. ஜப்பானுக்குச் சென்று ஜென் பயின்று, கற்பிக்கும் உரிமை பெற்றவர். அங்குத் தங்குவோர் நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை செலுத்துகின்றனர். தோட்ட வேலையிலும் துப்புரவு வேலையிலும் நாள்தோறும் பங்கு கொள்கின்றனர். பத்து நாள் என்னும் கட்டாயம் இன்றி, அவரவர்க்கு இயன்ற நாள்கள் தங்கலாம். செலவை வருபவரே ஏற்பதால் கணக்கு எளிதாகின்றது. இரண்டு முறையிலும் அறம் உண்டு. ஒன்றில் முன்னே வந்தவர் பின்னே வருபவர்க்குத் தருகின்றார். மற்றொன்றில் ஒவ்வொருவரும் தம் பங்கைத் தாமே சுமக்கின்றனர். எனினும், கையில் காசில்லாதவன் வாயிலில் வந்து நிற்கும்போது முதல் முறையில் அவனைச் சோதிக்கும் கேள்வி எழுவதே இல்லை. என் உள்ளம் அம்முறையையே சார்கின்றது.

இவ்வகையான பள்ளி ஒன்றை எழுப்ப எண்ணும் அன்பர்களுக்குச் சில சொற்கள் கூறி முடிக்கலாம். முதலில் நிலம் தேடாதீர்கள். உடன் அமர்ந்து பயில்வாரைத் தேடுங்கள். விடுமுறை நாளில் ஒரு பள்ளிக்கூடத்தையோ, திருமணக் கூட்டத்தையோ வாடகைக்கு எடுத்துச் சில முகாம்கள் நடத்துங்கள். முகாமுக்குப் பின் பாத்திரம் தேய்ப்பதற்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களே உங்கள் அடித்தளம். பின்னர் அறக்கட்டளை ஒன்றை முறையாகப் பதிவு செய்து, வரவு செலவை ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுத்துங்கள். நிலம் பார்க்கும்போது பத்திரத்தையும் வில்லங்கத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுவதோடு, மழைக்காலத்தில் ஒருமுறை அந்த நிலத்தில் போய் நின்று பாருங்கள். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகியபோது, தென்சென்னைப் புறநகரில் ஏரி எது, மனை எது என்று தண்ணீரே காட்டிக்கொடுத்தது. கோடையிலும் ஒருமுறை சென்று கிணற்றைப் பாருங்கள். நள்ளிரவில் ஒருமுறை சென்று காது கொடுத்துக் கேளுங்கள். கட்டத் தொடங்கும்போது சமையற்கூடத்தையும் கழிவறையையும் முதலில் கட்டுங்கள், பகோடா காத்திருக்கும். கட்டட நிதியையும் நடைமுறை நிதியையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். சோற்றுக்கு வந்த பணம் செங்கல்லாக மாறிவிட்டால், அழகிய மண்டபத்தில் அமர ஆள் இராது.

ஆனைமங்கலத்து நெல் நின்ற நாளில் நாகை விகாரத்தின் விளக்கும் நின்றது. திருமுடிவாக்கத்திலோ, ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் புறப்பட்டுச் செல்கின்றவர்களே அடுத்த பயிற்சிக்கு எண்ணெய் வார்க்கின்றார்கள். நாம் கூறிய அலுவலகக் கணக்கர் அங்கே சென்று பத்து நாள் இருந்து வருவாராயின், அவருக்கு உணவளித்தவர் யார் என்பதை அவர் என்றும் அறியமாட்டார். தாம் அளிக்கும் உணவை உண்பவர் யார் என்பதையும் அவர் அறியப்போவதில்லை. அரசர் தந்த ஊர்களுக்கு ஈடாக, முகமறியாத இந்தச் சங்கிலி ஒன்றை நம்பித்தான் இக்காலத்துத் தியானப் பள்ளி நிற்கின்றது. அது நீடிப்பதும் அறுவதும் பயின்று செல்கின்றவர்களின் கையில் இருக்கின்றது.